மௌனமும் தவறான பதில்

யாரும் பார்க்கப்போவதில்லை என்று சொன்ன பிறகும் ப்ரெண்டிஸ் நுன்ஸியோவின் கையில் அந்தத் தோல்பட்டையைக் கட்டினார். அவனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

"யாரும் பாக்கப்போறதில்லன்னா இது எதுக்கு சார்?"

"செய்முறையில் இருக்கிறது," என்றார் ப்ரெண்டிஸ். மனிதர் எப்போதுமே அச்சடித்த தாளை வாசிப்பதுபோலத்தான் பேசுவார்.

"என் பொண்டாட்டிகூட என்னை இவ்வளவு இறுக்கிப் புடிச்சதில்ல."

ப்ரெண்டிஸ் சிரிக்கவில்லை. பட்டையின் கொக்கியை வழக்கத்தைவிட ஒரு துளை தள்ளி மாட்டிவிட்டு, சாம்பல் நிறக் கோட்டை நீவிவிட்டுக்கொண்டு நிமிர்ந்தார். அவர் குனிந்து எழுந்தபோது நுன்ஸியோவின் கண், தொழில் புத்தியால், அவருடைய பிடரிக்குப் போனது. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட்டில் பாதி இத்தாலியர்களுக்கு முடிவெட்டுகிறவன் அவன். நவம்பர் தொடக்கத்திலிருந்து இந்தப் பிடரியைப் பார்க்கிறான். ஒரு நூல் வளரவும் இல்லை, கத்தரி பட்ட தடமும் இல்லை. விக் வைத்திருக்கிறாரோ என்று ஒருநாள் உற்றுப் பார்த்தான். விக் இல்லை, சொந்த முடிதான்.

இத்தனை நாளும் பட்டை கட்டியது வருகிறவரின் கண்ணுக்காக. 'ஞாபகசக்தி ஆராய்ச்சிக்கு ஆட்கள் தேவை' என்று பத்திரிகையில் பார்த்து வருகிறவரை ஆசிரியர் என்பார்கள். தானும் அப்படி வந்தவன்போலப் பாசாங்கு செய்துகொண்டு உட்கார்ந்திருக்கும் நுன்ஸியோவை மாணவன் என்பார்கள். ஆசிரியர் பார்க்கப் பார்க்க மாணவனின் இடது கையை நாற்காலியோடு கட்டிவிட்டு, அவரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் வரிசையாகச் சுவிட்சுகள் வைத்த ஒரு பெட்டி முன்னால் உட்காரவைப்பார்கள். அவர் முதலில் ஜோடிச் சொற்களின் பட்டியலை ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு ஒரு சொல்லையும் நான்கு விடைகளையும் வாசிப்பார். அந்தச் சொல்லுக்கு ஜோடி எதுவென்று மாணவன் பொத்தானை அழுத்திச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் ஒரு சுவிட்ச், மறுபடி தப்பென்றால் அடுத்த சுவிட்ச், ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம் கூடுதலான ஷாக். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இதற்கென்றே சொன்ன பழமொழி.

ஷாக் சுத்தப் பொய். சுவிட்சைத் தட்டினால் நுன்ஸியோவின் மேசையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். எரிந்ததும் அவன் டேப் ரெக்கார்டரைத் தட்ட வேண்டும். அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சிரிப்பை அடக்கிக்கொண்டு பதிந்து கொடுத்த முனகலும் அலறலும் படிப்படியாகச் சுவர் தாண்டிப் போகும். ஞாபகசக்தியும் பொய்தான். 'தயவுசெய்து தொடருங்கள்' என்று கோட்டுப் போட்ட ஒருவர் சொன்னதற்காக ஒரு மனிதன் இன்னொரு மனிதனை எதுவரைக்கும் வதைப்பான் என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி.

பெரும்பாலானவர்கள் கடைசிவரைக்கும் போனார்கள். ஆரம்பத்தில் நுன்ஸியோ அதைக் கேட்டுச் சாப்பாட்டைத் தொடாமல் வைத்துவிடுவான். பிறகு பழகிவிட்டது. பழகியபின் இளக்காரம் வந்தது. கதவு பூட்டவில்லை, யார் கையிலும் துப்பாக்கி இல்லை, எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு போனால் கேட்பார் கிடையாது. இருந்தும் பெரிய பெரிய ஆட்கள், பித்தளை ஆலை மேஸ்திரிகள், போரில் பதக்கம் வாங்கியவர்கள், வியர்த்து வழிந்தபடி சுவிட்சைத் தட்டினார்கள். தூ, இவனுங்களும் ஒரு மனுஷனுங்களா என்று நினைத்தபடி அவன் மிளகாயும் முட்டையும் வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டே தன் அலறலை ஓடவிடுவான்.

இன்று முறை மாறியிருந்தது. இனி சோதனை முடியும்வரை ஆசிரியரும் மாணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது யாரென்றே தெரியக் கூடாது.

"வழக்கமான விதிதான்," என்றார் ப்ரெண்டிஸ் வாசலில் நின்று. "டேப்பில் இருப்பதைத் தவிர இந்த அறையிலிருந்து வேறு எந்தச் சத்தமும் வரக் கூடாது."

"சரிங்க சார்."

டிசம்பர் மாதம், மாலைக் காபி நேரத்துக்கே ஜன்னல் இருண்டு, எதிர்ச் சுவரின் செங்கல்கூடத் தெரியாமல் போயிருந்தது. கீழே செருப்புத் தைக்கிற கடையிலிருந்து பசையும் பாலிஷும் கலந்த வாடை பலகைத் தரையின் இடுக்கு வழியே ஏறிவந்தது, ஹீட்டர் குழாய்க்குள் யாரோ கரண்டியால் தட்டுவதுபோல டக், டக், டக்கென்று சத்தம் வந்து நின்று மறுபடி வந்தது, தெருவில் பேருந்துகள் உருகிய பனியை வாரியடித்துக்கொண்டு போகும்போதெல்லாம் மேசையிலிருந்த டேப் சக்கரங்கள் லேசாக நடுங்கின. நுன்ஸியோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டாத கையால் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

பக்கத்து அறையில் கதவு திறந்தது. ஈரக் காலணிகளைத் தட்டும் சத்தம். ஒரு பெண்ணின் இருமல். பிறகு குரல்.

"இந்தக் கோட்டை எங்க வைக்கட்டும்? பனியில தொப்பலா நனைஞ்சிருக்கு. உங்க நாற்காலி பாழாயிடும், அப்புறம் என்னைத் திட்டாதீங்க."

நுன்ஸியோவின் விரல் சட்டைப் பொத்தானிலேயே நின்றது. அது எர்சிலியா. அவன் மனைவி.

கிறிஸ்துமஸ் பிஸ்கோத்துப் போட அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று காலையில் சொன்னவள். அவன்மட்டும் என்ன யோக்கியம்? இரும்புக் கடையில் சரக்கு எண்ணும் வேலை என்று சொல்லிவிட்டுத்தான் அவனும் தினமும் இங்கே வருகிறான். யாரிடமும் சொல்லக் கூடாதென்று உறுதிமொழி. இப்போது அவளும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, அவனிடம் மறைத்து, அதே படியேறி வந்து நிற்கிறாள். மடோன்னா, மாதாவே! அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

ஏனென்றால் எர்சிலியா யாருக்கும் அடங்காதவள். பூசையில் பாதிரியார் பிரசங்கத்தை நீட்டியபோது, "சாமி, அடுப்புல சாறு கொதிக்குது" என்று எழுந்து சொன்னவள். சலூனைச் சோதிக்க வந்த சுகாதார அதிகாரியை, முதலில் உன் காலரைத் துவைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பியவள். இந்த ப்ரெண்டிஸ் எம்மாத்திரம்? முதல் முனகலிலேயே தாளைக் கிழித்து அவர் முகத்தில் எறியப்போகிறாள். அதைக் கேட்க நுன்ஸியோ காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் அப்போதே முடிந்திருக்கும். வேடிக்கை பார்க்கிற ஆசை, கூப்பிடவில்லை.

"ஈரம்," என்று வாசித்தாள் எர்சிலியா. "மண், துணி, காற்று, விறகு."

செய்முறைப்படி அவன் தவறான பொத்தானை அழுத்தினான். விளக்கு எரிந்தது. இரண்டாவது தவறு. மூன்றாவது.

"பாவம், அந்தாளு மண்டையில ஒண்ணுமே ஏறல போலிருக்கு," என்றாள். "யாரு பெத்த புள்ளையோ." அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

முதல் மூன்றுக்கும் சத்தம் கிடையாது; அடுத்த விளக்குக்கு அவன் டேப்பைத் தட்டினான். 'ஸ்...ஆ!' என்று சுவர் தாண்டிப் போனது அவன் குரல்.

"என்ன அது? வலிக்குதா அவருக்கு?"

"தயவுசெய்து தொடருங்கள்."

கொஞ்ச நேரம் ஹீட்டர் குழாய்மட்டும் தட்டியது. எறி, எறி என்று மனசுக்குள் சொன்னான் நுன்ஸியோ. தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது. "மெலிந்த," என்று வாசித்தாள். "கயிறு, குதிரை, சுவர், நிலா."

சரி, இப்போதுதானே தொடங்கியிருக்கிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். இன்னும் சில விளக்குகள் எரிந்தன. இன்னும் சில அலறல்கள் போயின. டேப்பில் அடுத்து வருவது நீளமான கத்தல். அவனே நடித்து, அவனே ரசித்து, பதிந்த அன்று கைதட்டு வாங்கியது.

'போதும்! கை எரியுது! என்னை வெளிய விடுங்க! நான் வரல இந்த விளையாட்டுக்கு!'

சுவருக்கு அப்பால் நாற்காலி கிறீச்சிட்டது. எழுந்துவிட்டாள்.

"சார்." அவள் குரல் இறங்கியிருந்தது. "அது என் வீட்டுக்காரர் குரல் மாதிரி இருக்கு."

நுன்ஸியோவின் சிரிப்பு செத்தது.

"தயவுசெய்து தொடருங்கள்."

"இல்ல, புரியலயா உங்களுக்கு? நுன்ஸியோ குரல் அது. இருபது வருஷமா கேக்குற குரல் எனக்குத் தெரியாதா? நான் போய்ப் பாக்கணும்."

"நீங்கள் தொடர்வது சோதனைக்கு அவசியம்."

பத்தடி தூரம்தான். அவள் வந்து கதவைத் தள்ளினால் திறந்துகொள்ளும். வா, எர்சி. வந்து என் கன்னத்தில் அறை, பொய்யா சொன்னாய் பாவி என்று ஊரைக் கூட்டு. அவன் கதவின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஈரக் காலணி ஒரு முறை நகர்ந்தது. இன்னொரு முறை நகர்ந்தது.

நாற்காலி மறுபடி கிறீச்சிட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"வெள்ளை," என்று வாசித்தாள் எர்சிலியா. "குதிரை, உப்பு, பறவை, கல்."

அவள் முதலில் வாசித்த பட்டியலில் வெள்ளைக்கு ஜோடி உப்பு. அவனுக்கு நன்றாகத் தெரியும். செய்முறை கிடக்கட்டும் என்று அவன் இரண்டாவது பொத்தானை, சரியான பொத்தானை, அழுத்தினான். சரியாகச் சொன்னால் ஷாக் கிடையாது. எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டால் அவள் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இது ஏன் முதலிலேயே தோன்றவில்லை?

"தவறு," என்றார் ப்ரெண்டிஸ்.

"இல்லயே சார், உப்புதானே? இங்க தாள்லயே உப்புன்னுதானே..."

"தவறு. தொடருங்கள்."

விளக்கு எரிந்தது.

அவன் டேப்பைத் தட்டவில்லை. கையைப் பின்னுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். அலறல் கேட்பதால்தானே அவள் துடிக்கிறாள், அவன் குரல் என்றுதானே நடுங்குகிறாள். சத்தமே வராவிட்டால், அந்தப் பக்கம் ஆளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து நிறுத்திவிடுவாள். அப்படித்தான் கணக்குப் போட்டான். பதில் பொத்தானையும் தொடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தான்.

"பதிலே வரல," என்றாள் எர்சிலியா. "சத்தமும் இல்ல. ஐயோ, என்னாச்சு அவருக்கு?"

மௌனம் சம்மதம் என்று ஊரில் சொல்வார்கள். இங்கே அப்படியில்லை. இத்தனை நாள் இதே சுவர் வழியாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடமான விதி அவனுக்கு அந்த நொடி எப்படி மறந்தது?

"மௌனமும் தவறான பதில்தான்," என்றார் ப்ரெண்டிஸ். "அடுத்த சுவிட்ச்."

விளக்கு. சத்தமில்லை. விளக்கு. சத்தமில்லை. மறுபடி விளக்கு. அலறல் இல்லாததால் அவளுக்குச் சுலபமாகிவிட்டது. அவள் வாசிக்கிற வேகம் கூடுவதை அவன் கேட்டான். சொல், நான்கு சொற்கள், சற்றுப் பொறுத்தல், டக். சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்துவிடலாம் என்கிற அவசரம். வீட்டில் பாத்திரம் கழுவும்போது அவளிடம் இருக்கிற அதே அவசரம்.

பயந்துபோய் அவன் டேப்பைத் தட்டினான்.

'எர்சி,' என்றது டேப்.

அவன் இதைப் பதியவில்லை.

'எர்சி, நான்தான். நுன்ஸியோ. உன் கையாலயா? வேணாம்மா.'

சக்கரங்கள் நிதானமாகச் சுற்றின. குரல் அவனுடையதுதான். ஆனால் நடிப்பு இல்லை. உதடு வெடித்து, நாக்கு வறண்டு, வலியில் மூச்சு திணறிப் பேசுகிற குரல். அவன் கையைப் பார்த்துக்கொண்டான். பட்டைக்குள் கை நன்றாகத்தான் இருந்தது. வலியில்லை. ஒன்றுமில்லை. அப்படியென்றால் வலிப்பது யாருக்கு?

சுவருக்கு அப்பால் எர்சிலியா அழுதுகொண்டிருந்தாள். "என் பேரைச் சொல்றாரு சார். கேட்டீங்களா? என் பேரைச் சொல்றாரு."

"தயவுசெய்து தொடருங்கள்."

"என்னால முடியாது சார்."

"உங்களுக்கு வேறு வழியில்லை. தொடருங்கள்."

இருக்கிறது, எர்சி. கதவு இருக்கிறது. எழுந்து போ. நுன்ஸியோ கட்டாத கையால் கொக்கியைப் பிடித்தான். கத்துவதற்கு வாயைத் திறந்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பதற்கு ஊரில் அவனைத்தான் காட்டுவார்கள், அந்த வாய்.

வாசல் கதவு ஒரு சாண் திறந்தது. ப்ரெண்டிஸ் நின்றுகொண்டிருந்தார்.

"உட்காருங்கள், மிஸ்டர் ஃபரெல்லா. டேப்பில் இருப்பதைத் தவிர வேறு சத்தம் கூடாது."

அதே நேரத்தில் பக்கத்து அறையிலும் அவர் குரல் கேட்டது. "தொடருங்கள்," என்று எர்சிலியாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது. இங்கே வாசலில் உதடு அசைகிறது. அங்கே சுவருக்குப் பின்னால் குரல் வருகிறது. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிதானம்.

நுன்ஸியோவின் கை கொக்கியிலிருந்து நழுவியது. வாய் மூடிக்கொண்டது. அவர் தொடவில்லை. மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. சொன்னார், அவ்வளவுதான். வெட்கத்தில் அவன் காது மடல் சுட்டது. மேஸ்திரிகளையும் பதக்கக்காரர்களையும் தூ என்று துப்பிய நாக்கு இதுதானே?

"சரிங்க சார்," என்றான்.

விளக்கு எரிந்தது. அவன் விரல் தானாகப் போய் டேப்பைத் தட்டியது.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தை அவன் வாழ்நாளில் கேட்டதில்லை. மனிதத் தொண்டையிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று அவனுக்குத் தெரியாது.

வாசித்தாள். அழுதுகொண்டே வாசித்தாள். விளக்கு. தட்டினான். அலறல்.

எர்சி, நிறுத்து.

விளக்கு.

அவன் தட்டினான். ஏன் தட்டுகிறான்? தட்டாவிட்டால் என்ன? தட்டினான்.

டேப்பில் வார்த்தை நின்றுபோனது. மூச்சு மட்டும். இழுத்து, விட்டு. இழுத்து.

விளக்கு.

மூச்சும் இல்லை.

"மௌனமும் தவறான பதில்தான்."

"தெரியும் சார்," என்றாள் எர்சிலியா. அழுகை நின்றுவிட்டிருந்தது. "தெரியும்."

டக்.

டக்.

ஹீட்டர் குழாயா, சுவிட்சா?

டக்.

கடைசிச் சுவிட்சும் முடிந்தது. டேப் தீர்ந்து, சக்கரம் சும்மா சுற்றியது.

கதவு முழுதாகத் திறந்தது. "முடிந்தது," என்றார் ப்ரெண்டிஸ். "எழுந்து வாருங்கள், மிஸ்டர் ஃபரெல்லா."

அவன் எழுந்தான். உடம்பு பஞ்சாக இருந்தது. பட்டையை எப்போது கழற்றினான் என்று நினைவில்லை. தப்பித்தோம்டா சாமி என்று நெஞ்சு நிறைந்துபோனது. இனி கடைசிச் சடங்கு ஒன்றுதான் பாக்கி. எல்லாம் முடிந்தபின் மாணவன் சிரித்துக்கொண்டே வந்து ஆசிரியரின் கையைக் குலுக்கி, எல்லாம் நடிப்புதான், எனக்கு ஒன்றுமில்லை என்று காட்ட வேண்டும். அப்போதுதான் வந்தவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குவார். இன்று அதை உண்மையாகவே, கெஞ்சிக் கூத்தாடியாவது சொல்லிவிட வேண்டும். அவள் அறையட்டும். பேருந்து முழுக்கத் திட்டிக்கொண்டே வரட்டும். இருவரும் செய்ததை இருவரும் சேர்ந்து எப்படியாவது மறந்துவிடலாம்.

எர்சிலியா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நனைந்த கோட்டு அவள் கையில் தொங்கியது.

அவன் கையை நீட்டினான். சிரித்தான்.

"ஒண்ணுமில்ல எர்சி. பாரு, நல்லாத்தான் இருக்கேன்."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால், நாற்காலி இருந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டு கையிலிருந்து விழுந்தது.

"எர்சி, இங்க. நான் இங்க இருக்கேன்."

அப்போதுதான் அந்த வாடை வந்தது. முடி கருகிய வாடை. சலூனில் மெழுகுத் திரியால் முடி நுனியைச் சுடும்போது வருவது. முடியோடு வேறெதுவோ கருகியிருந்தது.

அவள் அவனைக் கடந்து போனாள். அவன் நீட்டிய கையைக் கடந்து போனாள். அந்தக் கை வழியாகவே போனாள்; கை அவளைத் தடுக்கவில்லை. பின்னால் அவள் முழங்கால் தரையில் மோதும் சத்தம் கேட்டது.

"நுன்ஸியோ! ஐயோ, நுன்ஸியோ! கையைப் பாருங்களேன்... யாராவது இந்தப் பட்டையைக் கழட்டுங்களேன்..."

அவன் திரும்பிப் பார்க்க முயன்றான்.

"திரும்ப வேண்டாம்," என்றார் ப்ரெண்டிஸ். "தயவுசெய்து சிரித்துக்கொண்டே இருங்கள்."

பின்னால் அவன் மனைவி அவன் பெயரைச் சொல்லிச் சொல்லி, எதையோ உலுக்கிக்கொண்டிருந்தாள். உலுக்கும்போதெல்லாம் நாற்காலியின் கால்கள் பலகைத் தரையில் தாளம் போட்டன. கீழே தெருக்கதவு திறந்து, விளம்பரம் பார்த்து வந்த யாரோ காலணியிலிருந்து பனியைத் தட்டிவிட்டுப் படியேறத் தொடங்கினார்.

நுன்ஸியோ திரும்பவில்லை. கையை நீட்டியபடியே, பல் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றான்.